பத்துப் பேர் சேர்ந்து பிக் டிக்கெட்: காசு தராதவருக்குப் பங்கு உண்டா?

முசஃபாக்காரன்

வணக்கம். அபுதாபியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் இங்கே நடக்கும் பிக் டிக்கெட் லாட்டரியில் டிக்கெட் எடுக்கிறோம். ஒரு டிக்கெட் 500 திர்ஹாம், இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். ஆளுக்கு 100 போட்டால் 1000 சேரும், மூன்று டிக்கெட் கைக்கு வரும். இதுவரை இதைப் பார்த்துக்கொண்டிருந்த சேட்டன் ருவைஸ் சைட்டுக்கு மாற்றலாகிவிட்டார். போகும்போது ஒரு நோட்டையும் வாட்ஸப் குரூப்பையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

நோட்டைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. காசு கொடுத்தவர் பெயருக்கு நேரே டிக். சில மாதங்களில் டிக்குக்குப் பதில் பென்சிலில் ஒரு சின்ன வட்டம். வட்டம் என்றால் "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்று சொன்னவராம். அந்த 100-ஐ சேட்டன் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். வட்டத்துக்குள் டிக் இருந்தால் பிறகு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சில வட்டங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.

என் கேள்விக்கு வருகிறேன். போன குலுக்கல் சமயத்தில் ஒரு வெல்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பங்கை நானே போட்டுவிட்டேன். ஒன்றும் விழவில்லை, அதனால் பிரச்சினையும் இல்லை. விழுந்திருந்தால் அந்தப் பங்கு அவருக்கா, எனக்கா? ரூமில் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு.

இன்னும் இரண்டு தலைவலி. விசா கேன்சல் ஆகி ஒரேயடியாக ஊருக்குப் போன ஒருவர் "என்னைக் குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள், ஜிபேயில் போட்டுவிடுகிறேன்" என்கிறார். ஆபீஸ் பாய் ஒருவர் 100 கட்டுப்படியாகாது, 50 போடலாமா என்று கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். குலுக்கலுக்கு முன்னால் காசு வரவில்லை என்றால் பங்கு இல்லை. அண்ணன் தம்பி, ரூம்மேட், ஒரே ஊர், எதுவும் கிடையாது. இந்த ஒரு விதி இல்லாத குரூப்பில் நான் சேர மாட்டேன்.

வாளையார் வழி

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை மூடிவிட்டார்கள். அண்ணா காலத்தில், 1968-ல், "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அரசே கூவி விற்ற சரக்கு! இப்போது எங்கள் பக்கத்து ஆட்கள் கேரளா டிக்கெட் வேண்டுமென்றால் எல்லை தாண்டி வாளையாருக்குப் போகிறார்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி அடித்தது திருப்பூர்க்கார நண்பர்கள் நான்கு பேருக்கு. வாளையாரில் எடுத்த டிக்கெட்தான்.

ஆபீஸ் பாய் கேட்ட 50-க்கு அதே வருஷம் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். மலப்புறம் பரப்பனங்காடியில் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனாப் பெண்கள் 11 பேர் சேர்ந்து கேரளாவின் மான்சூன் பம்பர் லாட்டரி எடுத்தார்கள். டிக்கெட் விலை 250 ரூபாய். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய். மீதி இரண்டு பேரிடம் 25 இல்லை, ஆளுக்குப் பன்னிரண்டரை ரூபாய் போட்டு ஒரு பங்கை நிரப்பினார்கள். அந்த டிக்கெட்டுக்கு 10 கோடி விழுந்தது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மிச்சத்தில் 30 சதவீதம் வரி, இரண்டும் போனால் 6.3 கோடி. பத்துப் பங்காகப் பிரித்தால் பங்குக்கு 63 லட்சம், அரைப் பங்குக்கு 31.5 லட்சம். கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கிறது பாருங்கள். அரைப் பங்கு வைப்பதில் தப்பே இல்லை. அது அரைப் பங்கு என்று முன்னாடியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முசஃபாக்காரன்

வாளையார் அண்ணே, 63 லட்சத்தைப் படித்ததும் ஆபீஸ் பாயைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அப்படியானால் முழுப் பங்கே போடுகிறேன் என்கிறார். இப்போது அவரைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

காயல்

நான் லாட்டரி வாங்குவதில்லை, எங்களுக்கு ஹராம். அதைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வரவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். என் ஆபீஸிலும் இப்படி ஒரு குரூப் உண்டு. "பாய், நீங்கள்தான் இதில் சேராத ஆள், உங்களிடம் நோட்டு இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்" என்று கணக்கை என் கையில் திணிக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எழுதிக் கொடுப்பதும் அதில் சேர்ந்ததுதான் எங்களுக்கு. மறுத்ததற்கு ஒரு வாரம் கிண்டல்.

புதிதாக வேலைக்கு வரும் பையனிடமும் முதல் மாதமே 100 கேட்கிறார்கள். பத்துப் பேர் நடுவில் நின்று கேட்டால் எப்படி இல்லை என்பான்? விசா ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனே அவனுக்கு அடைந்திருக்காது. சேராதவரை விட்டுவிடுங்கள் என்று உங்கள் விதியில் ஒரு வரி எழுதுங்கள் தம்பி.

அக்கவுண்ட்ஸ் அக்கா

காயல் பாய் சொன்னதற்கு என் ஓட்டு. எங்கள் ஆபீஸில் தனித்தனியாகக் கேட்பதோடு சரி, எல்லோர் முன்னாலும் கேட்பதில்லை.

முசஃபா தம்பி, ஊருக்குப் போனவரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மனசு கஷ்டமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு லாட்டரி டிக்கெட்டுக்காகப் பணம் அனுப்புவது ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகளில் தடை செய்யப்பட்ட இனம். 2000-ம் ஆண்டு நடப்புக் கணக்கு விதிகளின் முதல் அட்டவணையிலேயே லாட்டரி டிக்கெட் என்று இருக்கிறது. "நான் இங்கேயிருந்து அனுப்பவில்லையே, உன் ஊர் அக்கவுண்ட்டில்தானே போடுகிறேன்" என்பார். பணம் எந்த வழியாகப் போனாலும் எதற்காகப் போகிறது என்பதுதான் கேள்வி. தவிர, விழுந்தால் அவர் இந்தியாவில் வசிப்பவர். அவர் பங்குக்கு அங்கே 30 சதவீத வரி, அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ். இங்கே இருக்கும் உங்களுக்கு அமீரகத்தில் வரி இல்லை. நீங்கள் என்ஆர்ஐயாக இருக்கும் வரை இந்தப் பணத்துக்கு ஊரிலும் வரி வராது. ஒரே டிக்கெட், இரண்டு கணக்கு. உங்களுக்கு எதற்கு அந்த வில்லங்கம்?

இன்னொன்று. ஆன்லைனில் உங்கள் பெயரில்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். விழுந்தால் முழுப் பணமும் உங்கள் அக்கவுண்ட்டில் வரும். அங்கேயிருந்து ஒன்பது பேருக்குப் பெரிய தொகை பிரிந்து போகும்போது வங்கி "இது என்ன பணம், இவர்கள் யார்" என்று கேட்காமல் விடாது. ஒப்பந்தக் காகிதம் அப்போது தேடினால் கிடைக்காது, இப்போதே இருக்க வேண்டும்.

கணக்குப்புலி

அக்கா சொன்னதோடு சேர்த்து: கமிஷன் என்று ஐந்து திர்ஹாம்கூட எடுக்காதீர்கள். பத்துப் பேருக்காக டிக்கெட் எடுக்கிறவர் வேறு, லாபம் வைத்துப் பங்கு விற்கிறவர் வேறு. அமீரகத்தில் லாட்டரி, சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த 2023-ல் ஜிசிஜிஆர்ஏ என்று ஒரு ஆணையம் வந்திருக்கிறது. உரிமம் இல்லாமல் லாட்டரி நடத்தினால் குற்றம். 2024 ஜனவரியில் மஹ்ஸூஸ், எமிரேட்ஸ் டிரா என்ற இரண்டு குலுக்கல்களும் நின்றன, ஏப்ரலில் பிக் டிக்கெட்டையே நிறுத்தி வைத்து அப்புறம்தான் திரும்பத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் நம் நோட்டுப் புத்தகம் எந்த மூலைக்கு?

பத்துப் பேர் சேர்வதால் அதிர்ஷ்டம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிக்கெட் எண்ணிக்கை கூடுகிறது, பங்கு அதே அளவுக்குக் குறைகிறது. துபாய் டியூட்டி ஃப்ரீ நடத்தும் மில்லேனியம் மில்லியனர் குலுக்கலை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கணக்கு வெளிப்படை. 1999-லிருந்து நடக்கிறது. ஒரு சீரிஸுக்கு 5000 டிக்கெட், ஒன்று 1000 திர்ஹாம். மொத்தம் 50 லட்சம் திர்ஹாம் வசூல். பரிசு 10 லட்சம் டாலர், ஏறக்குறைய 36.7 லட்சம் திர்ஹாம். நீங்கள் போடும் 100-க்குத் திரும்பி வர வாய்ப்புள்ளது சராசரியாக 73. தனியாக எடுத்தாலும் அதே 73, பத்துப் பேர் சேர்ந்தாலும் அதே 73.

ஜூரோங் ஷிப்ட்

கணக்குப்புலி, 73 எவ்வளவோ தேவலை! சிங்கப்பூர் டோட்டோ லாட்டரியில் விற்பனையில் 54 சதவீதம்தான் பரிசுக்குப் போகிறது. 49 எண்ணில் ஆறு பொருந்த வேண்டும், வாய்ப்பு 1,39,83,816-ல் ஒன்று.

எங்கள் லைனில் குரூப் போடுவது சிஸ்டம் எடுப்பதற்காக. ஆறுக்குப் பதில் ஏழு எண் எடுத்தால் சிஸ்டம் 7, விலை 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எட்டு எண் என்றால் 28 வெள்ளி. பன்னிரண்டு எண் போனால் 924 வெள்ளி, அதை யார் தனியாகப் போடுவது? சீனப் புத்தாண்டு ஹொங்பாவ் குலுக்கல் வந்தால் ஆளுக்கு 20, 30 என்று ஃபோர்மேன் வசூலிப்பார். இப்போது ஐடோட்டோ இருப்பதால் அதுவும் தேவையில்லை. சிஸ்டம் 12-ஐயே 28 யூனிட்டாகப் பிரித்து, யூனிட் 33 வெள்ளிக்குக் கடையிலேயே விற்கிறார்கள். யார் என்று தெரியாத 27 பேரோடு கூட்டு. சண்டை கிடையாது, ஆள் முகமே தெரியாதே!

இங்கே உள்ள வேறு பிரச்சினை டிக்கெட் வெறும் சீட்டு, அதில் பெயர் கிடையாது. லிட்டில் இந்தியா தெக்காவில் வாங்கி ஃபோர்மேன் பர்ஸில் போனால் அவர் சொல்வதுதான் வேதம். அதனால் வாங்கிய கையோடு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும், எண்ணும் குலுக்கல் தேதியும் தெரிகிற மாதிரி. முசஃபா அண்ணன் டிக்கெட்டில் பெயராவது இருக்கிறது.

முசஃபாக்காரன்

பெயர் இருப்பதுதான் தம்பி பயமே. விழுந்தால் என் பெயர் யூடியூப் நேரலையில் வரும். ஒன்பது பேருக்கும் அது நான் மட்டும்தான். அடுத்த நிமிஷம் அவர்கள் மனசில் என்ன ஓடும்?

வாளையார் வழி

அதே பிக் டிக்கெட் மேடையில்தான் 2021 ஜூலையில் ஒரு மலையாளி டிரைவருக்கு 2 கோடி திர்ஹாம் விழுந்தது. அவர் பெயரில் டிக்கெட். உள்ளே பத்துப் பேர், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் எல்லாம் கலந்து. உங்களை மாதிரியே ஆளுக்கு 100, இரண்டுக்கு ஒன்று இலவசம். விழுந்த அன்றே பேட்டியில் "நாங்கள் பத்துப் பேர்" என்று சொல்லிவிட்டார். நீங்களும் போன் வந்ததும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் மனசு மாறினாலும் வழியில்லை!

ஈஸ்ட்ஹாம்

லண்டனிலிருந்து ஓர் ஈழத்து ஆள். இங்கே வேலையிடத்தில் சிண்டிகேட், அதாவது சேர்ந்து லாட்டரி எடுக்கிற குழு, நடத்துவது சாதாரணம். வெள்ளி மத்தியானம் ஒருவர் ஒரு டப்பாவோடு சுற்றி வருவார், ஆளுக்கு 2 பவுண்ட். எழுதி வைக்கச் சொல்லி நேஷனல் லாட்டரியே சொல்கிறது. காரணம் நட்பு மட்டுமில்லை, வரியும். வென்ற காசுக்கு இங்கே வரி இல்லை. ஆனால் ஒருவர் பெயரில் வந்த காசை அவர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அது அன்பளிப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கொடுத்தவர் ஏழு வருடத்துக்குள் செத்துப்போனால் வாரிசு வரி கேட்டு வருவார்கள். குலுக்கலுக்கு முந்தியே எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அது அன்பளிப்பு இல்லை, அவரவர் காசு.

முசஃபா தம்பி கேட்டதைப் போல ஒரு வழக்கு இங்கே 1955-இல் நடந்தது. சிம்ப்கின்ஸ் எதிர் பேஸ் என்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு பாட்டி, பேத்தி, வாடகைக்கு இருந்த ஒரு பெண். மூவரும் சேர்ந்து ஞாயிறு பத்திரிகைப் போட்டிக்குக் கிழமைக்குக் கிழமை எழுதிப் போடுவார்கள். அனுப்புவது பாட்டியின் பெயரில். தபால் முத்திரைச் செலவு இன்னார்தான் என்று கணக்கில்லை, கையில் இருந்தவர் போடுவார். 750 பவுண்ட் விழுந்தது. பாட்டி பங்கு தர மாட்டேன் என்றார், வீட்டு விளையாட்டுக்கு ஒப்பந்தமா என்று கேட்டார். கோர்ட் வாடகைப் பெண்ணுக்கு 250 பவுண்ட் கொடுக்கச் சொன்னது. எந்தக் கிழமை யார் காசு போட்டது என்று கோர்ட் பார்க்கவில்லை. சேர்ந்து ஆடினார்கள், பங்கு என்று பேசிக்கொண்டார்கள், அது போதும் என்றது.

ஆகவே "காசு தரவில்லை, பங்கு இல்லை" என்று கணக்குப்புலி சொல்கிற அளவுக்கு விஷயம் சுலபமில்லை. உங்கள் நாட்டில் சட்டம் வேறு. ஆனால் மனிதர்கள் கேட்கிற கேள்வி எங்கேயும் ஒன்றுதான்.

கணக்குப்புலி

ஈஸ்ட்ஹாம் அண்ணா, அந்த வழக்கு என் பக்கம்தான் பேசுகிறது! விதி எழுதாததால்தானே கோர்ட் போனார்கள்?

வாளையார் வழி

இல்லை புலி, வட்டம் போட்டவர் விஷயம் அப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டு இல்லை. 2021 மார்ச்சில் ஆலுவா பக்கம் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் டிக்கெட் விற்பவர். கையில் சில பம்பர் டிக்கெட் விற்காமல் மிச்சம். வழக்கமாக வாங்குகிறவருக்குப் போன் போட்டார். அவர் எண்ணைச் சொல்லி ஒன்றை எடுத்து வையுங்கள், 200 ரூபாயை அப்புறம் தருகிறேன் என்றார். அன்று சாயங்காலமே அதற்கு 6 கோடி. டிக்கெட் அவர் கையில், காசும் வரவில்லை, வேறு யாருக்கும் தெரியாது. நேராக வாங்கியவர் வீட்டுக்குப் போய் டிக்கெட்டைக் கொடுத்து 200 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தார். கேரளா முழுக்க அந்தம்மாவைக் கொண்டாடியது.

உங்கள் விதிப்படி அந்த 6 கோடி விற்ற அம்மாவுடையது. அப்படி யாராவது சொன்னார்களா?

கணக்குப்புலி

அந்த அம்மா பெரிய மனுஷி, மறுக்கவில்லை. ஆனால் முசஃபாக்காரரின் வெல்டர் போனில் எண் சொல்லவில்லையே! எதுவுமே சொல்லவில்லை. இவராகப் போட்டார். ஜெயித்தால் "என் பங்கு", தோற்றால் "நான் உன்னைப் போடச் சொன்னேனா?" இரண்டு பக்கமும் அவருக்கே வசதி. காலி வட்டங்களைப் பாருங்கள், யாரும் தோற்ற மாதத்துக்குக் கடன் அடைப்பதில்லை.

அக்கவுண்ட்ஸ் அக்கா

இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறீர்கள். ஆலுவாவில் குலுக்கலுக்கு முன்னால் "எடுத்து வை" என்ற வார்த்தை இருந்தது. வெல்டர் விஷயத்தில் வார்த்தையே இல்லை. அதனால் காசை மட்டும் பார்க்காதீர்கள், சொன்னாரா என்று பாருங்கள். குலுக்கலுக்கு முன்னால் குரூப்பில் "நான் இருக்கிறேன், எனக்காக இன்னார் போடுகிறார்" என்று அவர் கையால் எழுதினால் பங்கு உண்டு, கடனும் உண்டு. தோற்றாலும் அந்த 100 தர வேண்டும். எழுதவில்லை என்றால் போட்டவருக்கு இரண்டு பங்கு, யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஜூரோங் ஷிப்ட்

அக்கா, வாய்ஸ் மெசேஜ் செல்லுமா? எங்கள் ஆட்கள் பாதிப் பேர் டைப் பண்ண மாட்டார்கள்.

அக்கவுண்ட்ஸ் அக்கா

செல்லும். "சரி" என்று கட்டைவிரல் மட்டும் போட்டால் செல்லாது. எதற்குக் கட்டைவிரல் என்று அப்புறம் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

ஈஸ்ட்ஹாம்

அமெரிக்காவில் நியூஜெர்சியில் ஒரு கட்டட வேலைக் குழு. அதில் ஒருவர்தான் வழக்கமாக எல்லோருக்கும் டிக்கெட் எடுப்பவர். 2009-இல் 3.85 கோடி டாலர் விழுந்தது. அவர் மூச்சு விடவில்லை. காலில் ஆபரேஷன் என்று சொல்லி வேலைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு, அது நான் தனியாக எடுத்த டிக்கெட் என்றார். கூட வேலை செய்த ஐந்து பேர் வழக்குப் போட்டு, 2012-இல் ஜூரி அவர்களுக்கும் பங்கு என்று தீர்த்தது. எனவே தம்பி, குழுவுக்கு எடுக்கிறவர் தனக்கென்று தனியாக எடுப்பதானால் அதையும் குலுக்கலுக்கு முன் குரூப்பில் சொல்லிவிட வேண்டும்.

முசஃபாக்காரன்

நான் தனியாக எடுப்பதையே நிறுத்திவிட்டேன். அந்த வம்பே வேண்டாம்.

எல்லோருக்கும் நன்றி. வியாழன் ராத்திரி ரூமில் உட்கார்ந்து பேசினோம். இரண்டு மணி நேரம். எதிர்பார்க்காத இடத்தில் மாட்டிக்கொண்டது: அந்த இலவச டிக்கெட். ஸ்டோர் கீப்பர் சொல்கிறார், ஓடியாடி எடுப்பவர் நீ, மூன்றாவது டிக்கெட் உனக்கு என்று சேட்டன் காலத்திலேயே பேச்சு இருந்ததாம். நோட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. எனக்கு வேண்டாம், மூன்றும் எல்லோருக்கும் என்று எழுதிவிட்டேன். சிரித்துக்கொண்டே "பெரிய மனசுதான்" என்றார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான். மாதக் கடைசி தேதி இரவு பத்து மணி வரை காசு அல்லது குரூப்பில் வார்த்தை. வார்த்தை கொடுத்தவர் தோற்றாலும் கடனைத் தர வேண்டும், இரண்டு மாதம் தராவிட்டால் வெளியே. டிக்கெட் எண்களும் அந்த மாதப் பெயர்ப் பட்டியலும் குலுக்கலுக்கு முன்னால் குரூப்பில் வந்துவிடும். அரைப் பங்கு உண்டு. யாரையும் சேரச் சொல்லிக் கேட்பதில்லை, அதைக் காயல் பாய்க்காகச் சேர்த்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு போட்டோ.

ஊருக்குப் போனவரிடம் நானே போனில் பேசினேன். கொஞ்சம் வருத்தம். பழைய காலி வட்டங்களைச் சேட்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விதியைப் பார்த்ததும் இரண்டு பேர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். யார் என்று சொல்லத் தேவையில்லை, வட்டத்தில் அதிகம் இருந்தவர்கள்.

கணக்குப்புலி

பத்தில் ஊர்க்காரர் போய், இரண்டு பேர் விலகி, ஏழு. ஆபீஸ் பாயோடு சேர்த்தால் எட்டா? அவர் எத்தனை போடுகிறார்?

முசஃபாக்காரன்

அரைதான். சம்மதிக்க வைத்துவிட்டேன். ஏழு முழு, ஒரு அரை. 1000-ஐ ஏழரையால் வகுத்தால் 133.33. சில்லறைத் தகராறு வேண்டாமென்று முழுப் பங்கு 134, அரைப் பங்கு 67 என்று வைத்தோம். மாதம் ஐந்து திர்ஹாம் மிஞ்சும், அது டீக்கு.

கணக்குப்புலி

டீக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

அக்கவுண்ட்ஸ் அக்கா

தம்பி, கடைசியாக ஒன்று. வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் தானாக மறைகிற செட்டிங் போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் நீங்கள் வாங்கிய வார்த்தை எல்லாம் காற்றோடு போய்விடும்.

முசஃபாக்காரன்

பார்த்தேன் அக்கா. சேட்டன் 90 நாள் என்று போட்டு வைத்திருக்கிறார். இப்போதே அணைத்துவிட்டேன். இந்த மாத வார்த்தைகளை மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன், ஆறு பேர் எழுதிவிட்டார்கள்.